கரண்ட் என்னும் ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள்: மின்சுற்றை அடிப்படையிலிருந்து கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

"கரண்ட் போய்விட்டது" என்கிறோம். மாலையில் மின்விசிறி நோஞ்சானாகச் சுற்றினால் "கரண்ட் கம்மியாக வருகிறது" என்று அலுத்துக்கொள்கிறோம். "இந்த ஹீட்டர் ரொம்பக் கரண்ட் இழுக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா எச்சரிக்கிறார். மாதம் பிறந்தால் கரண்ட் பில் நினைவுக்கு வருகிறது. ஈரக்கையால் ஸ்விட்சைத் தொட்டவன் துள்ளிக் குதித்து "கரண்ட் அடித்துவிட்டது" என்கிறான்.

எல்லா இடத்திலும் ஒரே சொல்தான். ஆனால் வீட்டை விட்டுப் போனதும் மின்விசிறிக்குக் குறைந்ததும் மின்னழுத்தம். ஹீட்டர் அதிகமாக இழுப்பது மின்திறன். பில்லில் ஏறுவது மின்னாற்றல். துள்ளியவனின் உடம்புக்குள் புகுந்தது மட்டுமே உண்மையான கரண்ட், அதாவது மின்னோட்டம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஓம் விதிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பிள்ளைகள்கூட இந்த ஒரு சொல்லில் வழுக்கி விழுவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசையையே இங்கே எழுதுகிறேன். கையில் பொருளை வைத்துக்கொண்டு படித்தால் இரண்டு மாலையில் முடித்துவிடலாம்.

முதல் படி: வாங்க வேண்டியவை

பாரிமுனைப் பக்கம் எலெக்ட்ரிக்கல் சாமான் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஒன்றரை வோல்ட் பென்சில் செல் மூன்று, அவற்றை வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு மூன்று, பல்பு ஹோல்டர்கள், 100 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்துக்குத் தடை தரும் சிறு பொருள்) சில, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரு முனையிலும் கிளிப் வைத்த வயர்கள் ஆறு. இவற்றோடு வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர். மலிவான மஞ்சள் நிற மீட்டரே போதும்.

ஒரே ஒரு கட்டளை: கீழே சொல்லும் சோதனைகள் அனைத்தும் பேட்டரியில் மட்டும். சுவரில் உள்ள பிளக் பாயின்ட் பக்கம் எந்த வயரும் போகக் கூடாது. வீட்டு மின்சாரத்தைப் பற்றி நிறையப் பேசப் போகிறோம், ஆனால் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான்.

இரண்டாம் படி: வட்டம் மூட வேண்டும்

ஒரு செல், ஒரு பல்பு, ஒரே ஒரு வயர். ஹோல்டர் கிடையாது. பல்பை எரிய வையுங்கள்.

பெரியவர்களே திணறும் சோதனை இது. பெரும்பாலோர் செல்லின் தலைமேல் பல்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அடுத்து வயரை எடுத்துச் செல்லின் அடியிலிருந்து பல்பின் அடிக்கே கொண்டுவருவார்கள். எரியாது. வயர் சூடாகி விரல் சுடும். அப்போது உடனே விட்டுவிடுங்கள்.

பல்பைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். அடியில் ஈயப்பொட்டு மாதிரி ஒரு சிறு குமிழ். அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அது மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு மேல் மரை போட்ட உலோகக் கூடு. உள்ளேயிருக்கும் இழையின் ஒரு முனை குமிழில் முடிகிறது, மறு முனை கூட்டில் முடிகிறது. ஆகவே பல்புக்கு வாசல் இரண்டு. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறிச் செல்லின் மறு முனைக்குத் திரும்ப வழி இருந்தால்தான் எரியும். குமிழைச் செல்லின் நேர்முனையில் வையுங்கள்; கூட்டிலிருந்து எதிர்முனைக்கு வயரைக் கொடுங்கள். மங்கலாகவாவது எரியும்.

இந்த மூடிய வழிக்குத்தான் மின்சுற்று என்று பெயர். ஸ்விட்ச் என்பது அந்த வழியில் வேண்டுமென்றே வைத்த ஒரு வெட்டு.

மூன்றாம் படி: மின்னழுத்தத்தை அளத்தல்

மல்டிமீட்டரின் திருகைப் பேட்டரி வோல்டேஜ் அளக்கும் பகுதியில் 20 என்ற இடத்தில் வையுங்கள். சிவப்புக் கம்பியைச் செல்லின் தலையிலும் கறுப்புக் கம்பியை அடியிலும் வைத்தால் 1.5-ஐ ஒட்டி ஓர் எண் வரும். புதிய செல் 1.6 கூடக் காட்டும். இப்போது கறுப்புக் கம்பியை எடுத்துவிட்டுச் சிவப்பை மட்டும் வைத்துப் பாருங்கள். எண் ஒன்றும் நிற்காது. மின்னழுத்தம் எப்போதும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். ஓர் இடத்துக்கு மட்டும் வோல்டேஜ் என்று ஒன்று கிடையாது.

மாடித் தொட்டித் தண்ணீர் கீழ்க்குழாயில் வேகமாக வருகிறது, மாடிக்குழாயில் சொட்டுகிறது. தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உயர வித்தியாசம்தான் காரணம். மின்னழுத்தத்தை அந்த உயரம் என்று எண்ணிக்கொள்ளலாம். குழாய் மூடியிருந்தாலும் உயரம் இருக்கும். அதுபோல எந்த வயரும் மாட்டாத செல்லிலும் வோல்டேஜ் இருக்கும், ஓட்டம் இருக்காது.

கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகம் ஏன் சாவதில்லை என்ற பழைய கேள்விக்கும் இதுவே பதில். அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஏறக்குறைய ஒரே 'உயரத்தில்' இருக்கின்றன. சிறகு விரித்து அடுத்த கம்பியைத் தொட்டால் கதை வேறு.

இத்தாலியின் வோல்டா 1800-இல் செம்பு, துத்தநாகத் தகடுகளுக்கு இடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கிய அடுக்குதான் நீடித்த மின்னோட்டம் தந்த முதல் மின்கலம். அவர் பெயரின் மிச்சம்தான் வோல்ட்.

நான்காம் படி: மின்னோட்டம், நான் நடத்தும் வாக்கெடுப்பு

பெட்டியில் இரண்டு செல்களைப் போடுங்கள். 3 வோல்ட் ஆகும். ஒரு பல்பை மாட்டி எரியவிடுங்கள். மின்னோட்டம் ஓர் இடத்தைக் கடந்து போகும் அளவு. ஆகவே அதை அளக்க வழியை வெட்டி, வெட்டிய இடத்தில் மீட்டரையே பாலமாக வைக்க வேண்டும். சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள், திருகையும் 10 ஆம்பியர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த நிலையில் மீட்டரை நேராகச் செல்லின் இரு முனைக்குக் குறுக்கே வைத்துவிடாதீர்கள். மீட்டருக்குள் ஏறக்குறைய தடையே இல்லாததால் அது வெறும் வயர் வைத்ததற்குச் சமம்.

மீட்டரை மாட்டும் முன் பிள்ளைகளிடம் கேட்பேன்: "பல்புக்கு முன்னால் ஓர் அளவு, பல்பைத் தாண்டிய பிறகு ஓர் அளவு எடுக்கப் போகிறோம். எது அதிகம்?"

ஒரு மாலை ஒன்பது பேர் இருந்தார்கள். ஏழு பேர் "பல்புக்கு முன்னால்தான்" என்று கை தூக்கினார்கள். காசிமேட்டிலிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். "பல்பு கரண்டைச் சாப்பிட்டுத்தானே சார் எரிகிறது? சாப்பிட்டது போக மிச்சம்தானே வெளியே வரும்?"

நல்ல கேள்வி. மீட்டரை முன்னால் வைத்தோம்: 0.28. பின்னால் வைத்தோம்: 0.28. பேட்டரியை ஒட்டி வைத்தோம்: 0.28. அவன் நம்பவில்லை, மீட்டர் கெட்டுவிட்டது என்றான். இரண்டு மீட்டர்களை ஒரே நேரத்தில் பல்பின் இரு பக்கமும் வைத்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தான்.

"உங்கள் தெருவில் மீன்பாடி வண்டி ஓடுகிறதே, அதன் சங்கிலியை நினைத்துப் பார். பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சங்கிலிக் கண்ணிகளும் சக்கரத்திலிருந்து திரும்பும் கண்ணிகளும் ஒரே எண்ணிக்கைதானே? சக்கரம் சங்கிலியைத் தின்பதில்லை. தீர்ந்துபோவது மிதிப்பவரின் தெம்பு."

மின்னோட்டம் அந்தச் சங்கிலி, சுற்றிக்கொண்டே இருக்கும். செலவாவது பேட்டரிக்குள் இருக்கும் வேதி ஆற்றல். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றால் அதிலிருந்த எலெக்ட்ரான்கள் காலியாகிவிட்டன என்று பொருளில்லை. அவற்றைத் தள்ளும் தெம்பு போய்விட்டது என்று பொருள்.

சங்கிலி உவமை இன்னொன்றையும் விளக்கும். ஓர் ஆம்பியர் என்றால் ஒரு விநாடிக்குச் சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள் கடக்கின்றன. இவ்வளவு கூட்டம் எவ்வளவு வேகமாகப் போகும்? ஆமைகூடச் சிரிக்கும் வேகத்தில். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 0.3 ஆம்பியர் ஓடினால் எலெக்ட்ரான் விநாடிக்குச் சுமார் 0.04 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு மீட்டர் வயரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல்பு மட்டும் உடனே எரிகிறதே என்றால், பெடலை மிதித்ததும் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் ஒன்றாக அசைவது போலத்தான். கம்பி முழுக்க எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன.

திசை பற்றி ஒரு வரி. நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு ஓடுவதாகப் படம் போடுகிறோம். எலெக்ட்ரான் ஓடுவது அதற்கு எதிர்த்திசையில். எது நேர், எது எதிர் என்பதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவிட்டார். எலெக்ட்ரானைத் தாம்சன் கண்டறிந்தது 1897-இல். அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. கணக்கு எதுவும் மாறாது, விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: தடையும் ஓம் விதியும்

பல்பை எடுத்துவிட்டு 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். அதன்மேல் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று மூன்று பட்டைகள் இருக்கும். முதலில் ஒரு செல். மின்னோட்டம் சுமார் 15 மில்லிஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர். இரண்டு செல்; 30. மூன்று செல், 45. (இதற்கு மீட்டரில் 200 மில்லிஆம்பியர் இடத்தையும் அதற்குரிய துளையையும் பயன்படுத்துங்கள்.) வோல்டேஜ் எத்தனை மடங்கோ மின்னோட்டமும் அத்தனை மடங்கு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஒவ்வொரு தடவையும் 100 வருகிறது. அந்த மாறாத எண்தான் மின்தடை. வோல்ட் = ஆம்பியர் × ஓம். இதற்கு மேல் இந்த விதியில் ஒன்றும் இல்லை.

ஜெர்மனியில் பூட்டுக் கொல்லர் ஒருவரின் மகனான ஓம் இதை 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் பட்ட பாடு நம்முடைய பென்சில் செல்லில் இல்லை. அன்றைய மின்கலங்கள் ஓட ஓட அழுத்தம் குறைந்துகொண்டே போனதால் அளவுகள் நிற்கவில்லை. ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் சீரான அழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறிய பிறகுதான் எண்கள் அவர் வழிக்கு வந்தன.

டார்ச் பல்பில் இதே சோதனையைச் செய்தால் ஓம் விதி உதைக்கும். எரியும்போது அதன் தடை 2.5 ÷ 0.3, அதாவது எட்டு ஓமுக்குச் சற்று மேல். எரியாத பல்பை மீட்டரின் ஓம் பகுதியில் வைத்தால் ஓர் ஓம் சொச்சம்தான் காட்டும். சூடேறினால் உலோகத்தின் தடை ஏறும். இழையோ இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் கணத்தில்தான் 'டப்' என்று உயிரை விடுவது ஏன் என்று இப்போது புரியும். குளிர்ந்த இழையின் குறைந்த தடை வழியாக அந்தக் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று பழைய செல் ஒன்றைத் தேடி எடுங்கள். சுவர்க் கடிகாரத்தில் ஓடிக் களைத்த செல் உத்தமம். மீட்டரில் 1.3 வோல்ட் காட்டும். "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று பல்பை மாட்டினால் சிவந்த கீற்றுகூட வராது. பல்பு மாட்டிய நிலையிலேயே செல்லின் வோல்டேஜை அளந்து பாருங்கள், சரிந்து கிடக்கும். கிழட்டுச் செல்லுக்குள் தடை ஏறிவிட்டது. மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜில் பெரும்பங்கு அந்த உள்தடையிலேயே செலவாகிவிடுகிறது. மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால்தான் அது மட்டும் ஏமாறுகிறது.

மாலையில் மின்விசிறி நோஞ்சானாகிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். தெருக்கோடி வீட்டுக்கு வரும் கம்பிக்கும் தடை உண்டு. தெரு முழுக்க மோட்டாரும் ஏசியும் ஓடும்போது கம்பியில் மின்னோட்டம் ஏறுகிறது. ஆம்பியர் × ஓம் அளவுக்கு வோல்டேஜ் வழியிலேயே கழிகிறது. ஆகவே, அந்த நேரத்தில் கரண்ட் 'கம்மியாக' வருவது கம்பியில் கரண்ட் அதிகமாக ஓடுவதால். இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

ஆறாம் படி: தொடர் இணைப்பு, ஆடி மாதத்துச் சீரியல் செட்

இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் மாட்டுங்கள். இரண்டும் மங்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் சுமார் 1.5 வோல்ட்; கூட்டினால் 3. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். இதுதான் தொடர் இணைப்பு.

நம் பக்கத்தில் இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கட்டிய பழைய சீரியல் செட் போதும். அந்தப் பெயரே தொடர் இணைப்பு என்றுதான் சொல்கிறது. ஒவ்வொன்றும் 6 வோல்ட் பல்பு. 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38. முப்பத்தெட்டு குட்டிப் பல்புகள் தோளோடு தோள் சேர்ந்து 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் சீரியல் செட் கட்ட வந்த அண்ணன் ஒருவரை நாள் முழுக்க வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் இருண்டுவிடும். அவர் ஏணியில் ஏறி, செத்த பல்பைக் கண்டுபிடித்து, மாற்றுப் பல்பு கையில் இல்லாததால் அந்த இரண்டு வயரையும் முறுக்கிவிட்டு இறங்குவார். வரிசை மீண்டும் எரியும், முன்னைவிடப் பளிச்சென்று. எங்களுக்கெல்லாம் ஒரே வியப்பு. மூன்றாம் நாள் இரவு கூழ் ஊற்றும் நேரத்தில் வரிசை மொத்தமும் ஒருசேரப் போனது.

கணக்கு இவ்வளவுதான். எட்டுப் பல்புகளை முறுக்கிவிட்டால் மிச்சம் முப்பது. 230 ÷ 30 என்றால் ஆளுக்கு 7.7 வோல்ட். 6 வோல்ட் பல்பு அதைத் தாங்கிக்கொண்டு எத்தனை நேரம் வாழும்? ஒவ்வொரு சாவும் மற்றவற்றின் சுமையைக் கூட்டுகிறது. கடைசியில் எல்லாமே அடுத்தடுத்துப் போகின்றன.

இதில் உயிருக்கு ஆபத்தான ஒன்றும் ஒளிந்திருக்கிறது. ஒரு பல்பு செத்து வரிசை இருண்டு கிடக்கும்போது மின்னோட்டம் சுழி. மற்ற முப்பத்தேழு பல்புகளிலும் வோல்டேஜ் இழப்பும் சுழி. அப்படியானால் 230 வோல்ட் எங்கே போயிற்று? செத்த பல்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே முழுசாக நிற்கிறது. "ஆறு வோல்ட் பல்புதானே, விளக்கும் எரியவில்லையே" என்று பிளக்கைப் பிடுங்காமல் அந்த இரண்டு வயரையும் விரலால் தொடுபவர் 230 வோல்ட்டைத் தொடுகிறார்.

சுற்றில் ஒரு வட்டம் போய்வந்தால் ஏறிய வோல்டேஜும் இறங்கிய வோல்டேஜும் சமம். ஒரு சந்திப்புக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம். கிர்க்காஃப் 1845-இல் சொன்ன இரண்டு விதிகள் இவை. முதலாவதைச் சீரியல் செட்டில் பார்த்துவிட்டோம்.

ஏழாம் படி: பக்க இணைப்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

இப்போது இரண்டு பல்புகளையும் தனித்தனி வழியில் பேட்டரியின் அதே இரு முனைகளுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் முழு வெளிச்சத்தில் எரியும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது கவலைப்படாது. பேட்டரியை ஒட்டி மீட்டரை வைத்தால் ஒரு பல்புக்கு ஓடியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். வீட்டில் விளக்கு, விசிறி, டிவி எல்லாம் இப்படித்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட். மின்னோட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

அதனால்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு துளை இருந்தாலும் நான்கிலும் செருகிவிடலாம் என்று பொருளில்லை. இஸ்திரிப் பெட்டி 1000 வாட். 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். மிக்சி 750 வாட், 3.26 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தாலே ஏழரைக்கு மேல். பாக்ஸின் பிளக்கில் '6 ஆம்பியர்' என்று பொறித்திருக்கும். துளைகளை எண்ணாதீர்கள், ஆம்பியரைக் கூட்டுங்கள்.

எட்டாம் படி: வாட், யூனிட், அத்திப்பட்டு

வோல்ட் × ஆம்பியர் = வாட். ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் என்பதே மின்திறன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய 75 வாட் மின்விசிறி நாள் முழுக்க ஓடினால் 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. நூறு யூனிட்டுக்கு மேல் ஒரே மின்விசிறி விழுங்கிவிடும். குறைந்த மின்திறனில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை 30 வாட் விசிறி என்றால் அதே ஓட்டத்துக்கு 43 யூனிட்தான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. ஒரே ஓர் அலகின் மின்சாரத்தை 230 வோல்ட்டிலேயே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸ் கணக்கை இப்போதைக்கு மறந்து, ஒரு சோடிக் கம்பி என்று எண்ணினால் ஒன்பது லட்சம் ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அந்தக் கம்பிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையின் அகலம் போதுமா என்று தெரியவில்லை. அதையே 230 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தினால் சுமார் 913 ஆம்பியர்தான்.

கம்பியில் வெப்பமாக வீணாவது ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். ஆம்பியர் ஆயிரத்தில் ஒன்றானால் வீணாவது பத்து லட்சத்தில் ஒன்றாகிறது. ராட்சதக் கோபுரங்களில் அத்தனை உயரத்தில் கம்பிகள் போவதன் காரணம் இந்த ஒரே பெருக்கல். வோல்டேஜை இப்படி ஏற்றவும் இறக்கவும் மின்மாற்றி வேண்டும். மின்மாற்றிக்கு மாறுதிசை மின்னோட்டம் வேண்டும். ஆகவே நம் வீட்டில் எலெக்ட்ரான்கள் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றன. இஸ்திரிப் பெட்டி வயரில் அந்த ஆட்டத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அத்திப்பட்டில் கிளம்பிய எலெக்ட்ரான் எதுவும் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்வதில்லை.

ஒன்பதாம் படி: உப்புக்காற்றும் பச்சைப் பூச்சும்

ஒரு கிண்ணத்தில் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், எல்.இ.டி. மூன்றையும் தொடராக மாட்டி, வழியில் ஒரு வெட்டு விட்டு, அந்த இரண்டு செம்புக் கம்பி முனைகளையும் தண்ணீரில் வையுங்கள். எல்.இ.டி. உயிர் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் மின்னும். (சுத்தமாக எரியாவிட்டால் அதன் கால்களை மாற்றிப் பாருங்கள், அது ஒருவழிப் பாதை.) இப்போது ஒரு கைப்பிடி உப்பு. கலக்கக் கலக்க வெளிச்சம் ஏறும். ஒரு கம்பியில் பொடிக் குமிழிகள் கிளம்பும். மற்றதைச் சுற்றிக் கொஞ்ச நேரத்தில் பச்சை படரும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

அந்தப் பச்சையை எங்கேயோ பார்த்த நினைவு வருகிறதா? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோர வீடுகளில் பிளக் பாயின்டைக் கழற்றினால் பித்தளைத் திருகுகளில் அதே போன்ற பூச்சு. உப்பு ஈரம் உலோகத்தை அரிக்கிறது. அரித்த இடத்தில் தொடர்பு கெட்டுத் தடை பிறக்கிறது. அரை ஓம்தான் என்று வையுங்கள். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 8.7 × 8.7 × 0.5 = 38 வாட். ஈயம் உருக்கிப் பற்ற வைக்கும் சாலிடரிங் கருவியே 25 வாட்தான். அதைவிட அதிக வெப்பம் பட்டாணி அளவுள்ள ஓர் இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே. பிளக் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மீன் கருகிய மாதிரி வாடை வருவது இதனால்தான். இந்த வாடை வந்தால் ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள். உரிமம் பெற்ற வயர்மேனை வரவழைத்து அந்தப் பாயின்டை மாற்றுங்கள்.

பத்தாம் படி: உடம்பும் ஒரு சுற்றுதான்

காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம்வரைகூடப் போகும். நனைந்த உடம்பில் அது ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடலாம். 230 ÷ 1,00,000 என்றால் 2.3 மில்லிஆம்பியர், சுரீர் என்று ஒரு கடி. 230 ÷ 1000 என்றால் 230 மில்லிஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்கப் போதுமானதற்கும் மேல். அதே வோல்டேஜ், அதே ஆள், தண்ணீர்தான் வித்தியாசம். மழையில் தெருவெங்கும் தண்ணீர் நிற்கும்போது தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை அதட்டுவதற்குப் பின்னால் இந்த வகுத்தல்தான் இருக்கிறது.

ஆனால் சுற்று மூட வேண்டுமே, ஒரு கையால் ஃபேஸை, அதாவது 230 வோல்ட் வரும் வயரை, தொட்டவனுக்குத் திரும்பும் வழி எது? தரை. மின்மாற்றியில் நியூட்ரல் என்னும் திரும்பும் வயரைப் பூமியோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே கால் தரையில் இருந்தால் உடம்பு வழியாகப் பூமிக்கும் அங்கிருந்து மின்மாற்றிக்கும் வட்டம் மூடிவிடுகிறது.

மூன்று முள் பிளக்கில் தடித்த, நீளமான முள் எர்த், அதாவது பூமியோடு இணைவது. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். இஸ்திரிப் பெட்டிக்குள் ஃபேஸ் வயர் தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், எர்த் வயரின் குறைந்த தடை வழியே பெருமின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸையோ, மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் ஸ்விட்சான எம்.சி.பி.யையோ விழ வைக்கும். அந்த முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பாயின்டில் செருகுபவர், திரும்பும் வழியாகத் தன் உடம்பை நேர்ந்துவிடுகிறார்.

எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 230 மில்லிஆம்பியர் என்பது கொசுக்கடி; அசையவே அசையாது. அது காப்பது வயரை. ஆளைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. என்ற வேறு சாதனம் இருக்கிறது. அது செய்யும் வேலை மொட்டைமாடியில் நாங்கள் இரண்டு மீட்டர் வைத்துச் செய்த அதே வேலை: ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. பல்பு கரண்டைச் சாப்பிடாது, மிக்சியும் சாப்பிடாது. ஆகவே சமமாகத்தான் இருக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால் யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ பூமிக்குக் கசிகிறது என்று முடிவு கட்டி, கண் சிமிட்டும் நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இதைச் சொல்லி முடித்த மாலை, காசிமேட்டுப் பையன் வீட்டுக்குப் போய் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான். மறுநாள் வந்ததும் வராததுமாக, "எங்கள் வீட்டில் எம்.சி.பி. மட்டும்தான் சார் இருக்கிறது" என்றான். அந்த வாரமே அவன் அப்பா வயர்மேனைக் கூப்பிட்டுவிட்டார். உங்கள் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன்மேல் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.